ஏடா வந்தாள், ஏடா வந்தது

ஐந்து ஆண்களுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பெயர் வந்து நின்ற வரலாறு இது. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன் படைப்பிரிவுகள் ஆளுக்கொரு நிரல்மொழியில் எழுதிக் குவித்த நிரல்களைப் பேண முடியாமல் திணறி, எல்லாருக்கும் பொதுவாக ஒரே மொழியை ஆக்குவதென்று ஒரு குழுவை அமைத்தது. அம்மொழிக்கு வேண்டிய இயல்புகளைப் பட்டியலிட்ட முதல் வரைவுக்குக் குழு வைத்த பெயர் 'ஸ்ட்ராமேன்', அதாவது வைக்கோலாள். பிறர் குறைசொல்லிச் சாய்ப்பதற்கென்றே எழுதப்படும் முதல் வரைவை அப்படி அழைப்பது ஆங்கில வழக்கு. ஒவ்வொரு திருத்தத்திலும் அந்த ஆளின் உடல் இறுகிக்கொண்டே வந்தது. வைக்கோலாளுக்குப் பின் மர ஆள், அவனுக்குப் பின் தகர ஆள், 1977-இல் இரும்பாள், 1978-இல் எஃகாள். இப்படி ஐந்து 'மேன்' ஈறுகளைக் கடந்து, 1979-இல் மொழி உருப்பெற்றபோது, அதன் பெயர் ஏடா.

இந்த 'மேன்' என்னும் ஈற்றிலேயே சற்று நின்றுவிட்டுப் போவோம். சொல்லன்பர்களுக்கு அது வழிமாறிய செலவு ஆகாது. பழைய ஆங்கிலத்தில் 'மன்' என்பது மாந்தர் யாவருக்கும் உரிய பொதுச்சொல்லாக இருந்தது. ஆணைத் தனித்துச் சுட்ட 'வெர்' என்றும் பெண்ணைச் சுட்ட 'வீஃப்' என்றும் இரு சொற்கள் இருந்தன. வெர் வழக்கிறந்தது, ஓநாயாக மாறும் மனிதனைக் குறிக்கும் 'வேர்வுல்ஃப்' போன்ற சொற்களில் அதன் எச்சம் ஒட்டியிருக்கிறது. வீஃப் பொருள் சுருங்கி மனைவியைக் குறிக்கும் 'வைஃப்' ஆனது. 'வீஃப்மன்' என்ற கூட்டு தேய்ந்து 'வுமன்' ஆனது. நடுவே நின்ற பொதுச்சொல்லோ ஆணின் உடைமையாகிவிட்டது. நம் 'ஆள்' என்னும் சொல்லுக்கும் இத்தகைய சாய்வு உண்டு. வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் யாரும் வரலாம், அந்த ஆள் வந்தார் என்றால் வந்தது ஆண். ஆனால் அதே ஒலி ஈறாகிப் பெயரின் கடையில் சேரும்போது பெண்பாலாகிவிடுகிறது. இந்த ஈற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏடாவின் வேரைத் தோண்டும்போது இது மீண்டும் வேண்டியிருக்கும்.

மொழிக்குப் பெயர் தேடிய நாளில் பாதுகாப்புத் துறையினர் முதலில் எண்ணியது துறையின் பெயர்ச்சுருக்கமும் ஒன்று என்னும் எண்ணும் சேர்ந்த வறண்ட குறியீடு ஒன்றைத்தான். கடற்படையைச் சேர்ந்த ஜாக் கூப்பர் என்பவர் ஏடா என்னும் பெயரை முன்மொழிந்தார். சார்லஸ் பாபேஜ் திட்டமிட்டும் கட்டி முடிக்காத பகுப்புப்பொறிக்கு 1843-லேயே கணிமுறை எழுதி அச்சேற்றிய அகஸ்டா ஏடா, லவ்லேஸ் சீமாட்டியின் பெயர் அது. பெயரை எடுத்தாள அவர் வழித்தோன்றலான லிட்டன் பிரபுவிடம் இசைவு கேட்டபோது, அவர் மகிழ்ந்து இசைந்ததோடு, 'ரேடார்' என்னும் சொல்லின் நட்டநடுவில் ஏடா இருக்கிறார் என்றும் சுட்டிக்காட்டினாராம். உரோம எழுத்தில் எழுதிப் பார்த்தால் இதன் அழகு இன்னும் விளங்கும். ஏடா என்னும் மூன்றெழுத்தும் மாலைமாற்று, அதைச் சூழ்ந்து நிற்கும் ரேடாரின் ஐந்தெழுத்தும் மாலைமாற்று. போர்க்கருவியின் பெயருக்குள் ஒரு பெண்ணின் பெயர் முன்பின் மாறாமல் பொதிந்து கிடந்ததைக் கண்டெடுத்த அந்தச் செவிக்கு வணக்கம் சொல்லத் தோன்றுகிறது. மொழியின் தர ஆவணத்துக்கு 1815 என்று எண்ணிட்டதும் ஏடா பிறந்த ஆண்டைக் கருதியே. ஆவணம் ஒப்புதல் பெற்ற 1980 டிசம்பர் 10 அவர் பிறந்தநாள்.

இனிப் பெயரின் வேர். செருமானியக் குடும்ப மொழிகளில் 'அடல்' என்னும் வேருக்கு உயர்குடி என்று பொருள். அடிலெய்ட், அடேலா, அடெலின் முதலான நெடும்பெயர்கள் அதிலிருந்து கிளைத்தவை. அவற்றின் தலையசையை மட்டும் கொய்து வைத்துக்கொண்ட செல்லச் சுருக்கம் ஏடா. நம் தமிழின் 'அடல்' வலிமையைக் குறிப்பது. ஒலி ஒன்றாயினும் உறவு இல்லை, மயங்க வேண்டாம். இன்னொரு வேர் எபிரேயத்தில் இருக்கிறது. ஆதியாகமத்தில் லாமேக்கின் மனைவியர் இருவருள் ஒருத்தியின் பெயர் அணி, அழகு என்று பொருள்படும் சொல். தமிழ் வேதாகமத்தில் இவள் 'ஆதாள்'. எபிரேயப் பெயரின் ஈற்றில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்த ளகர ஒற்றைக் கவனியுங்கள். சாராள், ரெபேக்காள், லேயாள், மரியாள் என்று கடல் கடந்து வந்த பெண்பெயர்களுக்கெல்லாம் தமிழின் பெண்பால் ஈற்றை அணிவித்து அவர்களை நம் வீட்டுப் பெண்களாக்கிக்கொண்ட அந்த மொழியுணர்வுக்கு ஈடாக இன்றைய பெயர்ப்பு முறைகளில் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அணி என்று பொருள்படும் பெயருக்கு ஓர் ஈற்றணி.

லவ்லேஸ் சீமாட்டி பிறந்தபோது இப்பெயரைத் தேர்ந்த தந்தை பைரன் பிரபு கவிஞர். பெயரின் ஒலியை எடைபோட்டே தேர்ந்திருக்கிறார். அது குறுகியது, பழையது, உயிரொலி மிக்கது, தம் குலத்தில் முன்பே வழங்கியது என்று பின்னாளில் தம் பதிப்பாளருக்குக் கடிதத்தில் விளக்கியிருக்கிறார். மூன்றெழுத்தில் இரண்டு உயிர். பிறகு 1821-இல் எழுதிய 'கெயின்' நாடகத்தில் காயீனின் மனைவிக்கும் அந்த எபிரேய வடிவத்தையே சூட்டினார். ஆனால் குழந்தைக்கு அவர் வைத்த முதற்பெயர் அகஸ்டா. அது அவருடைய வேறுதாய்த் தமக்கையின் பெயர். குழந்தை பிறந்த மறுமாதமே தாய் அன்னபெல்லா கணவரை விட்டுப் பிரிந்தார். பிரிந்தபின் நாத்தனாரின் பெயரை நாவில் எடுக்க விரும்பாமல் மகளை ஏடா என்றே அழைத்தார். பைரன் 1816 ஏப்ரலில் இங்கிலாந்தை விட்டுச் சென்றவர் திரும்பவேயில்லை. எனவே தந்தை எழுதிய இரண்டு பெயர்களில் தாய் விலக்கியது போக எஞ்சியதே ஏடா. இருவர் பூசலிலும் கறைபடாமல் மிஞ்சிய ஒரே பெயர்.

குடும்பப்பெயரின் பக்கம் திரும்பினால் ஒன்றும் நிலைக்கவில்லை. பிறந்தபோது அவர் பைரன். 1835-இல் வில்லியம் கிங்கை மணந்ததும் கிங். 1838-இல் கணவர் லவ்லேஸ் கோமகனாக உயர்த்தப்பட்டதும் லவ்லேஸ். இந்த மூன்றாம் பெயர் வந்த வழி விந்தையானது. லவ்லேஸ் என்பது முந்தைய நூற்றாண்டிலேயே ஆண்வாரிசின்றி அற்றுப்போன ஒரு பிரபுக்குலத்தின் பெயர். அக்குலத்தின் குருதி ஓடியது ஏடாவின் தாய்வழியில். மனைவியின் தாய்வழிப் பெயரை எடுத்துக் கணவருக்குப் பட்டமாகச் சூட்டி, அந்தப் பட்டத்தின் வழியாக மனைவிக்கு அதையே திருப்பித் தந்திருக்கிறார்கள். தன் பெயரே தனக்குக் கணவன் வழியாக வந்து சேர்வதென்றால் அன்றைய சட்டத்திலும் வழக்கத்திலும் பெண் நின்ற இடத்தை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் பெயர் வேறில்லை. திருமணத்துக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்தும் பின்னர் கணவரின் தலைப்பெழுத்துமாகக் கையெழுத்து மாற்றிய நம் தாய்மாரும் பாட்டிமாரும் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

அந்த லவ்லேஸ் என்னும் சொல்லுக்குள் இருப்பதும் இனிமையன்று. காதைக் கேட்டால் காதலும் இழையணியும் கலந்த பெயராகத் தோன்றும். பெயராய்வாளர்களோ அதைக் 'காதலற்றவன்' என்று பொருள்படும் இடைக்கால ஆங்கிலப் பட்டப்பெயரின் திரிபு என்கிறார்கள். 1748-இல் முற்றுப்பெற்ற சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'கிளாரிசா' புதினத்தில் பெண்ணைக் கெடுக்கும் கயவனுக்கு ராபர்ட் லவ்லேஸ் என்று பெயர். அந்த நூல் ஐரோப்பா எங்கும் பரவியதில் பெயர் பொதுச்சொல்லாகி, ரஷ்ய மொழியில் பெண்பித்தனுக்கு இன்றும் 'லவெலாஸ்' என்பது சொல். கணிதம் பயின்ற சீமாட்டி ஒருவர் இந்தப் பொருள்களையெல்லாம் தாண்டி அந்தச் சொல்லைக் கணினித் துறையின் மதிப்புச் சொல்லாக்கினார் என்பது பொருளேற்றத்துக்கு, நம் மொழிநூலார் சொல்லும் உயர்பொருட்பேற்றுக்கு, எடுத்துக்காட்டாக வைக்கத் தக்கது.

இவ்வளவு பெயர்கள் இருந்தும் 1843-இல் அச்சேறிய அந்தக் கட்டுரையில் அவர் பெயர் முழுமையாக இல்லை. இத்தாலியரான லூயிஜி மெனப்ரேயா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தைவிட நீண்ட குறிப்புகள் ஏழு சேர்த்தார். ஏழாவது குறிப்பில் பெர்னூலி எண்களைப் பொறி கணிக்கும் முறையை அட்டவணையாக வகுத்தார். குறிப்புகளின் அடியில் இட்டது 'ஏ. ஏ. எல்.' என்னும் மூன்று தலைப்பெழுத்துகள் மட்டுமே. படிப்பவர் ஆணென்றே கொள்ளலாம். ஆங்கிலத் தலைப்பெழுத்துக்குப் பால் இல்லை.

இப்போது நிரல்மொழிகளின் பெயர்வரிசையை மொத்தமாக நோக்குவோம். நிக்லாஸ் வீர்த் 1970-இல் தந்த மொழி பாஸ்கல். பிளேஸ் பாஸ்கலின் குடும்பப்பெயர். எரிக்சன் நிறுவனத்தில் பிறந்தது எர்லாங். டேனியக் கணிதவியலரின் குடும்பப்பெயர். டொராண்டோவில் எழுந்தது டியூரிங். பெண்களை நினைவுகூரும் மொழிகளோ ஏடா, கிரேஸ். ஆண் குடும்பப்பெயரால் நிற்கிறார், பெண் இட்டபெயரால் அழைக்கப்படுகிறார். கிரேஸ் ஹாப்பர் அமெரிக்கக் கடற்படையில் அட்மிரல் நிலை எய்தியவர், கோபால் மொழிக்கு அடித்தளமான ஃப்ளோமேட்டிக்கை ஆக்கியவர். 1996-இல் நீரில் இறக்கிய போர்க்கப்பலுக்குக் கடற்படை வைத்த பெயர் ஹாப்பர்; மாணவருக்கு நிரலாக்கம் கற்பிக்கப் பேராசிரியர்கள் ஆக்கிய மொழிக்கு வைத்த பெயர் கிரேஸ். ஒரே பெண், கடலில் அவர் ஹாப்பர், வகுப்பறையில் கிரேஸ். இதைக் கண்டு இட்டபெயரால் அழைப்பது நெருக்கம் என்ற போர்வையில் வரும் ஒரு படி தாழ்வு என்று சொல்வோர் உண்டு. பொதுவாக அவர்கள் சொல்வது சரியே. ஆண் அறிஞரை யாரும் 'பிளேஸ்' என்று குறிப்பதில்லை.

ஆயினும் ஏடாவைப் பொறுத்தவரை நான் மறுதரப்பில் நிற்கிறேன். பைரன் என்றால் தந்தையின் புகழ் நினைவுக்கு வரும், கிங் என்றால் கணவர், லவ்லேஸ் என்றால் பட்டம். ஹாப்பர் என்பதும் கிரேஸ் மணந்து பின் மணவிலக்குப் பெற்றவரின் குடும்பப்பெயரே. யாருடைய உடைமையாகவும் இல்லாமல் பிறப்பிலிருந்து இறப்புவரை மாறாமல் நின்றது ஏடா என்னும் இட்டபெயர் ஒன்றுதான். ஆணுக்குக் குடும்பப்பெயர் எதுவோ அது இப்பெண்ணுக்கு இட்டபெயர். சமமான மரியாதை என்றால் அதை எடுப்பதே முறை. இட்டபெயரால் அழைக்கப்பட்ட ஆண் ஒருவரும் இருக்கிறார். தருக்கவியலர் ஹாஸ்கல் கரியின் பெயரால் 1990-இல் வெளிவந்த மொழிக்குக் 'கரி' என்று வைத்தால் கேலிக்கு இடமாகும் என்று அஞ்சி ஹாஸ்கல் என்று வைத்தார்கள். இசைவு கேட்கச் சென்றபோது அவருடைய மனைவி வர்ஜீனியா கரி, தம் கணவருக்கு ஹாஸ்கல் என்னும் பெயர் எந்நாளும் பிடித்ததில்லை என்று விடைகொடுக்கும்போது சொன்னாராம். பெயருக்குரியவரின் விருப்பம் எது என்று அறிந்த ஒருவர், காலம் கடந்த பிறகாவது, அதைச் சொன்னார்.

பெயருக்குரியவரின் விருப்பத்தை யாரும் நினைத்தே பாராத மொழி லிண்டா. 1980-களில் யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் கெலர்ன்டர், பல கணிகள் ஒருங்கே இயங்குவதற்கான மொழி ஒன்றை வடித்தார். கருத்தளவில் அருமையான ஆக்கம். பெயர் மட்டும் சிலேடை. ஏடா லவ்லேஸுக்கு ஒரு மொழி என்றால் இன்னொரு லவ்லேஸுக்கும் ஒன்று என்று, பாலியல் திரைப்படம் ஒன்றால் அறியப்பட்ட லிண்டா லவ்லேஸின் பெயரை எடுத்துக்கொண்டது. லிண்டாவின் இயற்பெயர் போர்மன். லவ்லேஸ் அவர்மேல் ஏற்றப்பட்ட புனைபெயர். தாம் அந்தப் படத்தில் நடித்தது கணவரின் அடிக்கும் மிரட்டலுக்கும் அஞ்சி என்று 1980-இல் தம் வரலாற்று நூலில் அவர் எழுதினார். 'காதலற்றவன்' என்று தொடங்கிய சொல் கயவன் வழியாக, கணிதச் சீமாட்டி வழியாக வந்து, வதைபட்ட ஒரு பெண்ணின் மேல் விழுந்து, அங்கிருந்து ஆய்வுக்கூடத்துச் சிரிப்பாக முடிந்தது. கருத்தரங்கில் அந்த மொழியைப் பற்றிப் பேச எழுந்த ஒவ்வொரு மாணவியும் அந்தச் சிரிப்பையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருந்திருக்கும். சிலேடை தமிழர்க்கு உயிர். காளமேகம் பிறந்த மொழியில் நின்று சொல்கிறேன், சிலேடையின் இரண்டாம் பொருள் ஒருவரின் துன்பமானால் அது அணியில் சேராது.

ஒலியால் வரும் தடையும் உண்டு. பிரான்சில் தேற்றங்களை மெய்ப்பிக்க உதவும் கருவி ஒன்றுக்குக் 'கோக்' என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் சேவல் என்று பொருள், ஆக்கியோருள் ஒருவரான கோக்காண்டின் பெயரின் தலையசையும் அதுவே. ஆங்கிலம் பேசுவோர் காதிலோ அது ஆண்குறியைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக விழுந்தது. அதைச் சொல்லி ஆய்வை விளக்க நேர்ந்த பெண்கள் எதிர்கொண்ட சங்கடத்தை ஏற்று, ஆக்கியோரே நெடுநாள் கலந்தாய்ந்து 'ரொக்' என்று மாற்றினார்கள். கருவி வளர்ந்த ரொக்கன்கூர் என்னும் ஊரின் தலைப்பகுதி அது. 2025-இல் புதிய பெயரோடு வெளியீடும் வந்தது. இதே கருவிக்கு உறவான சுவீடன் நாட்டு மொழி அக்டா. சேவலுக்கு எதிரே நிறுத்தவென்று, நாட்டுப்பாடல் போல் புகழ்பெற்ற ஒரு சுவீடியப் பாட்டின் கோழியிடமிருந்து பெற்ற பெண்பெயர். அக்டாவின் முதல் வடிவை எழுதியவர் கதரீனா கோக்காண்ட் என்னும் பெண் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

பெண்பெயர் பூண்ட மொழிகளில் இன்று இளையோர் நாவில் மிகுதியாகப் புழங்குவது 2012-இல் வெளிவந்த ஜூலியா. இது எவர் பெயரும் அன்று. இனிய ஒலி என்பதற்காக வைத்தது, நன்னூல் கண்ணோடு பார்த்தால் தூய இடுகுறி. அந்த மொழிக்குழுவினரின் நடத்தை நெறிகள், ஜூலியா ஆள் அன்று, அதைப் பெண்ணாக்கிப் பேசுவதும் அந்தப் பெயரை வைத்துப் பாலியல் நகை செய்வதும் தகாது என்று வகுத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இது பிரதிப்பெயர் ஒன்றைப் பற்றிய கட்டுப்பாடு. வினைமுற்று அங்கே எதையும் காட்டிக்கொடுக்காது. தமிழில் படர்க்கை வினைமுற்று பெரும்பாலும் திணையும் பாலும் சொல்லியே தீர வேண்டும். ஜூலியா ஓடினாளா, ஓடியதா?

இந்தக் கேள்விக்குத் தொல்காப்பியம் பெயரியலிலேயே இடம் வகுத்துவிட்டது என்பதை எண்ணும்போது உள்ளம் நிமிர்கிறது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயர்களை விரவுப்பெயர் என்று தொகுத்து, அவற்றுள் பெண்மை சுட்டும் இயற்பெயரையும் ஒரு வகையாக வைக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் சாத்தி என்னும் பெயர் பெண்ணுக்கும் உண்டு, பசுவுக்கும் உண்டு. சாத்தி வந்தாள் என்றால் ஒருத்தி, வந்தது என்றால் பசு. பெயர் ஒன்றே, ஈறு பிரித்துக் காட்டுகிறது. ஏடா இந்த வகையில் அப்படியே அடங்குகிறது. இதை ஆகுபெயர் என்று சொல்லத் துணிய மாட்டேன். அந்த மொழியை ஆக்கியவர் ழான் இக்பியா தலைமையிலான குழுவினர். ஏடா கருத்தா அல்லர், எனவே கருத்தாவாகுபெயர் பொருந்தாது. பெண்ணையும் பசுவையும் ஒரு பெயரால் அழைத்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை என்பதுதான் சாத்தி சொல்லும் செய்தி.

எழுத்துப்பெயர்ப்பில் ஒரு சிறு தொல்லை உண்டு. ஆங்கில ஒலிப்புக்கு நெருங்கிய தமிழ் வடிவம் ஏடா. உயிரிடை நின்ற டகரம் நம் நாவில் தானே மெலிந்து ஒலிப்பதால் வேற்றெழுத்து எதுவும் வேண்டியதில்லை. ஆனால் நம் காதில் ஏடா ஆண்பால் விளி, ஏடி பெண்பால் விளி. பெண்பெயரைத் தமிழில் எழுதியதும் யாரோ ஓர் ஆண்தோழனைக் கூப்பிடுவது போலாகிறது. சிலர் அடா என்று எழுதுகிறார்கள். அதுவும் ஆண்விளியே, மேலும் அது மரியாதையும் குறைந்தது. விளிகளில் இருபாலுக்கும் பொதுவாக நின்றது 'எல்லா' என்னும் பழஞ்சொல். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் அழைக்க உரியது என்று தொல்காப்பிய உரையாளர் காட்டுவதும், கலித்தொகை மாந்தர் இருபாலாரும் ஆள்வதும் அதுவே. வழக்கிறந்துவிட்ட அச்சொல்லை மீட்டுத் தரக் கணினித் துறையாலும் ஆகாது என்றாலும், பொதுவிளி ஒன்று நம்மிடம் இருந்தது என்பதைப் பதிந்துவைக்கலாம்.

போயிங் 777 வானூர்தியின் பறப்பு நிரல்களை எழுதிய மொழி என்ற நிலையிலிருந்து பெயர் இன்னும் பரந்திருக்கிறது. பெண் அறிவியலரைப் போற்றும் ஏடா லவ்லேஸ் நாள் 2009 முதல் கொண்டாடப்படுகிறது. 2017-இல் தொடங்கிய கார்டானோ என்னும் எண்ணிமப் பணவலையில் நாணயத்தின் பெயர் ஏடா, அதன் சில்லறையின் பெயர் லவ்லேஸ். ஓர் ஏடாவுக்குப் பத்து லட்சம் லவ்லேஸ். இட்டபெயருக்கும் பட்டப்பெயருக்கும் இடையே நான் மேலே சொன்ன எடையை அவர்களும் எப்படியோ உணர்ந்திருக்கிறார்கள்.

பயன்பாட்டில் ஒரு பிழை மட்டும் ஓயவில்லை. கோபால், ஃபோர்ட்ரான் போலச் சொற்களின் தலைப்பகுதிகளால் ஆன சுருக்கம் என்று எண்ணி, மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். உடனே பெண் மறைந்து ஏதோ ஒரு சங்கத்தின் பெயராகிவிடுகிறது. அம்மொழியாளர் இதைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறார்கள். தமிழெழுத்தில் இந்தப் பிழைக்கு வழியே இல்லை, சுருக்கமானால் ஏ.டி.ஏ. என்று எழுத்தெழுத்தாக ஒலித்து எழுதுவோம், பெயரானால் ஏடா. பாடநூல் எழுதுவோர் இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து இப்படி எழுதினால் போதும்: ஏடா 1843-இல் குறிப்புகளை எழுதினார். ஏடா 1983-இல் அமெரிக்கத் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது.